இல்லாத கோப்பும் எட்டாத கோப்பும்

கல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் படிவம் என்று எழுதிப் போட்ட சின்னச் சின்னக் கடைகள் உண்டு. லோக்கல் ரயில் வந்து நிற்கும்போதெல்லாம் கூட்டம் பொங்கி வடியும். சூடான டோனர் வாசமும் பக்கத்து டீக்கடையின் இஞ்சி வாசமும் கலந்து காற்றில் நிற்கும். அட்மிட் கார்டு, வாடகை ஒப்பந்தம், மருத்துவமனைச் சீட்டு என்று வாட்ஸாப்பில் வந்த ஏதோ ஒன்றை அச்செடுக்க வருகிறவர்கள் போனை நீட்டுவார்கள். பிரிண்ட் போடும் ஆப்பைத் திறந்தால் சில நேரம் வெறும் வெள்ளைப் பக்கத்தில் 'நோ ஃபைல்ஸ் ஃபவுண்ட்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். "ஃபைல் நேய், தாதா" என்று கடைக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையில் அடுத்தவரைப் பார்ப்பார். கோப்பு அந்தப் போனில்தான் இருக்கும். கோப்புகளைப் பார்க்கும் அனுமதி அந்த ஆப்புக்குத் தரப்பட்டிருக்காது, அவ்வளவுதான். அந்த ஒற்றை வரியைப் பார்க்கும்போது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னிய காலத்தில் கணினி பழகியவர்களுக்குப் பழைய வருஷங்கள் நினைவுக்கு வரும். பார்க்க விடாததை இல்லாததாகச் சொல்லும் வழக்கம் போனோடு பிறந்ததில்லை. மனிதர்களைத் தவறான திசையில் அலையவிடும் இந்த வழக்கத்தை இன்னும் பொறுத்துக்கொள்ள நியாயம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

டாக்குரியாவுக்கு அடுத்த ஸ்டேஷன் ஜாதவ்பூர். அங்குள்ள பல்கலைக்கழகமும் பாராநகரில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் சேர்ந்து 1966இல் ஐஎஸ்ஐஜேயு-1 என்ற டிரான்சிஸ்டர் கணினியை உருவாக்கின. அதற்குப் பதினோரு வருஷம் முன்பே, 1955இல், புள்ளியியல் நிறுவனம் பிரிட்டனிலிருந்து எச்இசி-2எம் இயந்திரத்தை வரவழைத்திருந்தது. ஆக, இந்தியாவில் ஓர் இயந்திரம் தன் கோளாறைத் தானே சொல்வதை முதலில் கேட்டவர்களில் இந்த ஊர்க்காரர்கள் உண்டு. அக்காலத்தில் கணக்குக்கு விடை தேடுகிறவர் வேறு, இயந்திரத்தை ஓட்டுகிறவர் வேறு. பிழை எதுவானாலும் அதை முதலில் பார்ப்பவர் இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர். பிறகு டெர்மினல்கள் வந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, முதலில் அது கிடைத்த நகரங்களில் கல்கத்தாவும் ஒன்று. மாணவர்களுக்குப் படம் ஏதுமில்லாத, எழுத்து மட்டுமே ஓடும் ஷெல் கணக்கு கிடைத்தது. நம்மில் பலர் 'பெர்மிஷன் டினைட்' என்ற சொற்களை முதன்முதலாகப் பார்த்தது அத்தகைய கறுப்புத் திரையில்தான். அன்றைய பழக்கம் ஒன்று உண்டு: பிழை வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு தடித்த கையேட்டைப் புரட்டுவது, அதிலும் புரியாவிட்டால் அடுத்த அறையில் இருக்கும் சிஸ்டம் நிர்வாகியிடம் போய்க் கேட்பது. செய்தி அரைகுறையாக இருந்தாலும் மீதியை நிரப்ப ஓர் ஆள் இருந்தார். இன்று அந்த அடுத்த அறை கிடையாது. அச்செடுக்க வந்தவரும் கடைக்காரரும் திரையில் இருக்கும் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முழு விளக்கமும் அந்த வரியின் தலைமேல் வந்து விழுந்துவிட்டது. வரி மட்டும் பழையபடியே இருக்கிறது.

இத்தனைக்கும் அடித்தளம் போட்டவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கவில்லை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யுனிக்ஸில், 'அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை' என்பதற்கு எண் 2, 'அனுமதி இல்லை' என்பதற்கு எண் 13. இன்றைய லினக்ஸிலும் மேக்கிலும் அதே எண்கள்தான். விண்டோஸும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: கோப்பு காணாவிட்டால் 2, அணுக விடாவிட்டால் 5. யுனிக்ஸில் ஒரு ஃபோல்டருக்கு மூன்று அனுமதிகள் உண்டு. உள்ளே உள்ள பெயர்களைப் படிக்க ஒன்று, புதிதாகச் சேர்க்கவோ நீக்கவோ ஒன்று, அதற்குள் நுழைந்து கடக்க ஒன்று. கடக்கும் அனுமதி இல்லையென்றால், அதற்குள் பத்து அடுக்கு ஆழத்தில் கிடக்கும் கோப்பு உங்களுடையதாகவே இருந்தாலும் அதை எட்ட முடியாது. அப்போது இயங்குதளத்தின் மையமான கர்னல் 13 என்று சரியாகவே சொல்கிறது. 'நான் வாசலோடு நிறுத்தப்பட்டேன், உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது' என்பதே அந்த எண்ணின் பொருள். பொய் கர்னலில் உண்டாவதில்லை, அதற்கு மேலே உள்ள அடுக்குகளில்தான் உண்டாகிறது. மாடிக்குப் போக அனுமதியில்லாத தர்வான், கேட்டருகே நின்றபடி, 'வீட்டில் யாரும் இல்லை' என்று வந்தவரைத் திருப்பி அனுப்புவது போன்றது அது. அவர் கண்டதற்கும் சொன்னதற்கும் நடுவில் ஒரு தாவல் இருக்கிறது. வந்தவருக்கு அந்தத் தாவல் தெரிய வழியில்லை.

அந்தத் தாவல் எங்கே நடக்கிறது என்று தேடினால் பெரும்பாலும் மிகச் சாதாரணமான ஓரிடத்தில் போய் நிற்போம். கோப்பைத் திறப்பதற்கு முன், அது இருக்கிறதா என்று நிரல் கேட்கும். அதற்கென்று பெரும்பாலான மொழிகளில் ஒரு செயல்கூறு உண்டு. ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களுக்குத்தான் அதில் இடம். பார்க்க முடியவில்லை என்ற மூன்றாவது நிலைமை வரும்போது அதுவும் 'இல்லை'க்குள் திணிக்கப்படுகிறது. பைத்தான் மொழியின் அதிகாரபூர்வ ஆவணமே, கோப்பு உண்மையில் இருந்தாலும் அனுமதி கிடைக்காவிட்டால் இந்தச் செயல்கூறு சில இயங்குதளங்களில் 'இல்லை' என்று சொல்லக்கூடும் என்று எச்சரிக்கிறது. ஆவணத்தைப் படிப்பவர் நிரலாளர். அந்த நிரலின் திரையைப் படிப்பவருக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் போய்ச்சேருவதில்லை. ஜாவாவில் நிலைமை இன்னும் விசித்திரம். படிக்க அனுமதியில்லாத கோப்பைத் திறந்தால் எழும் பிழையின் பெயர் 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எக்ஸப்ஷன்', அதே வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'பெர்மிஷன் டினைட்'. ஒரே வாக்கியத்தின் தலையும் வாலும் வெவ்வேறு கதை சொல்கின்றன. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைப் பல வருஷம் நிர்வகித்தவர்கள் அறிந்த பழைய செய்தி ஒன்றும் இதே ரகம்: 'கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பிழை எண் 13'. தரவுக் கோப்புகளை வேறு டிஸ்குக்கு மாற்றியபோது உரிமையாளர் பெயர் மாறிப்போயிருக்கும். சொல்லை நம்பியவர் காணாமல்போன கோப்பை பேக்கப்பில் தேடப் போவார். எண்ணை நம்பியவர் அனுமதியைத் திருத்திவிட்டு வேலையைத் தொடர்வார். உண்மை இரண்டு இலக்கமாகச் சுருங்கி வரியின் ஓரத்தில் கிடந்தது, பொய் முழு வாக்கியமாக நடுவில் நின்றது. இது நிரலாளரின் திறமைக் குறைவால் வந்ததென்று நான் எண்ணவில்லை. கீழடுக்கிலிருந்து வந்த பதிலை மேலடுக்கு தன் சொந்த வாக்கியத்தில் மறுபடி சொல்கிறது. அப்படிச் சொல்லும்போது, தான் எதற்காகக் கேட்டதோ அந்த நோக்கத்தின் மொழியில் சொல்கிறது. கோப்பைத் தேடிப் போன நிரலுக்கு எல்லாத் தோல்வியும் 'கிடைக்கவில்லை' என்றே படுகிறது.

பிழையின் காரணம் கைமாறும்போது எவ்வளவு தூரம் திரியும் என்பதற்கு யுனிக்ஸ்காரர்கள் மறக்காத உதாரணம் 'நாட் அ டைப்ரைட்டர்'. இந்நகரத்துத் தமிழர்களில் ஒரு தலைமுறையே டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்ற கையோடு கல்கத்தா அலுவலகங்களில் வந்து சேர்ந்தது. லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்ததில் அந்த இயந்திரத்துக்கும் பங்கு உண்டு. யுனிக்ஸ் பிறந்தபோது டெர்மினல் என்றாலே தாளில் அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரம்தான். எனவே எண் 25க்கு அந்தப் பெயர் வைத்தார்கள். யுனிக்ஸின் உள்ளீட்டு வெளியீட்டு நூலகம் ஒரு கோப்பில் எழுதத் தொடங்குமுன், எதிரே இருப்பது டெர்மினலா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கும். இல்லையென்றால், கடைசிப் பிழையைக் குறித்துவைக்கும் பலகையில் எண் 25 எழுதப்படும். அது கோளாறே இல்லை, வழக்கமான விசாரிப்பு. ஆனால் பின்னால் வரும் வெற்றிகள் அந்தப் பலகையைத் துடைப்பதில்லை. சற்றுநேரம் கழித்து நிரல் முற்றிலும் வேறொரு காரணத்தால் தோற்று, பலகையில் இருப்பதை அப்படியே வாசித்தால், அஞ்சல் போய்ச்சேராததற்குக் காரணம் 'இது டைப்ரைட்டர் இல்லை' என்று திரும்பிவரும். அஞ்சல் நிரலான சென்ட்மெயிலிடமிருந்து இப்படிப் பதில் பெற்றவர்கள் உண்டு. இதில் அனுமதிச் சிக்கல் இல்லைதான். ஆனாலும் நோய் ஒன்றே: காரணம் அறிந்த இடம் ஒன்று, அதைச் சொல்லும் இடம் வேறு, இடையில் சரிபார்க்க யாரும் இல்லை.

காரணத்தை ஊகித்துச் சொல்லும் செய்திகள் இன்னும் அதிகம் கெடுதல் செய்கின்றன, ஏனென்றால் அவை உதவி செய்வதுபோல் பேசுகின்றன. டாக்கர் மென்பொருளின் பழைய பதிப்புகளில், தேவையான குழுவில் சேர்க்கப்படாத பயனர் ஒரு கட்டளை கொடுத்தால், பின்னணியில் ஓடவேண்டிய டீமனோடு இணைய முடியவில்லை, அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேள்வியோடு பதில் வரும். டீமன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கேள்வியை நம்பி அதை நிறுத்தித் திரும்பத் தொடங்கியவர்கள், சர்வரையே ரீபூட் செய்தவர்கள் எத்தனையோ பேர். பின்வந்த பதிப்புகள் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நேராகச் சொல்கின்றன. மாற்றம் ஒரு வாக்கியத்தில்தான் நடந்தது. இதன் மறுபக்கமும் உண்டு. அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் பட்டியலைப் பார்க்கும் அனுமதி இல்லாதவர், அங்கே இல்லாத ஒரு பொருளைக் கேட்டால், இல்லை என்பதைக் குறிக்கும் 404க்குப் பதிலாக, அனுமதி இல்லை என்பதைக் குறிக்கும் 403 வருகிறது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை செய்தவர் அனுமதிக் கொள்கைகளை வரிவரியாகத் திருத்திக்கொண்டிருப்பார். இது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு, அமேசான் அதை ஆவணத்தில் எழுதியும் வைத்திருக்கிறது. நியாயத்தைப் பிறகு பார்ப்போம்.

போன் உலகில் பொய்யான வரிகூட இல்லாமல் போய்விட்டது. மறுக்க வேண்டிய இடத்தில் வெறுமையைக் காட்டும் வழக்கம் வந்திருக்கிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, ஒவ்வோர் அனுமதியையும் பயனரிடம் தனித்தனியே கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல மாற்றம். ஆனால் பழைய முறையில் எழுதப்பட்ட ஆப்புகள் திடீரென்று செயலிழந்து விடக்கூடாது என்பதற்காக, அனுமதி பறிக்கப்பட்டாலும் அவற்றுக்குப் பிழை ஏதும் தராமல் வெற்றுப் பட்டியலைக் கொடுத்தது. ஆப் அதை நம்பி, உங்களிடம் தொடர்பு எண்களே இல்லை என்று அறிவிக்கும். அதே பதிப்பிலிருந்து, பக்கத்தில் இருக்கும் புளூடூத் சாதனங்களைத் தேட இருப்பிட அனுமதி வேண்டும் என்றானது. புளூடூத் சாதனங்களைக் கொண்டு ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கணிக்க முடியும் என்பதால் அந்த விதியில் நியாயம் உண்டு. ஆனால் அனுமதி தராதவரின் திரையில் 'சாதனம் எதுவும் கிடைக்கவில்லை' என்றே வந்தது. கைக்கடிகாரம் கெட்டுவிட்டதென்று அதைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவரைக் குறை சொல்ல முடியுமா? புளூடூத்துக்கும் இருப்பிடத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அவருக்கு யார் சொன்னார்கள்? 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12தான் இதற்குத் தனி அனுமதியை ஏற்படுத்தி முடிச்சை அவிழ்த்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்த ஆண்ட்ராய்டு 11இல், போனில் வேறு என்னென்ன ஆப்புகள் இருக்கின்றன என்பதையும் முன்கூட்டியே அறிவித்தவை மட்டுமே பார்க்கலாம் என்றானது. யூபிஐ வழியே பணம் வாங்கும் ஆப் ஒன்று அந்த அறிவிப்பைச் செய்ய மறந்திருந்தால், மூன்று யூபிஐ ஆப்புகள் உள்ள போனிலும் ஒன்றும் இல்லை என்றே அதற்குத் தெரியும். வெறுமை என்பதும் ஒரு பதில்தான். பிழைச் செய்தியைவிட அதை எளிதில் நம்பிவிடுகிறோம், ஏனென்றால் அதில் சந்தேகப்பட ஒரு சொல்லும் இல்லை.

நேர விரயம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். நேரத்தோடு போனால் நானும் பெரிதுபடுத்தமாட்டேன். தவறான காரணம் சொல்லப்பட்டவர் சரியான பூட்டைத் தேடமாட்டார், கண்ணில் பட்ட பூட்டையெல்லாம் உடைப்பார். யுனிக்ஸ் சர்வர்களில் 777 என்ற எண் அப்படித்தான் பரவியது: யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000இல் வெளியிட்ட எஸ்ஈலினக்ஸ், 2003இல் லினக்ஸ் 2.6 கர்னலோடு பரவலானது. அது வழக்கமான அனுமதிகளுக்கு மேல் இன்னொரு காவல் அடுக்கு. அது மறுத்தாலும் திரையில் வருவது அதே பழைய 'பெர்மிஷன் டினைட்'தான். கோப்பின் அனுமதியைப் பார்த்தால் எல்லாம் திறந்தே இருக்கும். எந்தக் காவலர் மறுத்தார் என்ற தகவல் ஆடிட் பதிவில் தனியே கிடக்கும். அந்தப் பதிவைப் பற்றி அறியாத நிர்வாகிகள் எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிட்டார்கள்; 'முதலில் அதை அணைத்துப் பார்' என்பது பல வருஷங்களுக்கு வாய்மொழி அறிவுரையாகவே இருந்தது. 777க்கும் ஒரு கசப்பான முடிவு உண்டு. எரிச்சலில் தன் ஹோம் ஃபோல்டருக்கே 777 கொடுத்தவர் அடுத்தமுறை சாவி வைத்து எஸ்எஸ்எச் வழியே நுழைய முயன்றால், சர்வர் அவர் சாவியை ஏற்க மறுக்கும். வேறொருவர் எழுதக்கூடிய ஃபோல்டரில் இருக்கும் சாவிப் பட்டியலை நம்பக்கூடாது என்பது அதன் விதி. எல்லா அனுமதியையும் திறந்துவிட்டதன் பலனாக அவருக்குக் கிடைப்பது 'அனுமதி மறுக்கப்பட்டது'.

இந்த எஸ்எஸ்எச் உதாரணமே முதல் மறுப்புக்கும் என்னை அழைத்துச் செல்கிறது. பாதுகாப்பு அறிந்தவர்கள் சொல்வார்கள்: காரணத்தைச் சொல்வது திருடனுக்கு வழிகாட்டுவது. லாகின் செய்யும்போது பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொன்னால், எந்தப் பெயர்கள் உண்மையானவை என்று வெளியாள் பட்டியல் போட்டுவிடுவான். 'உள்ளே ஒன்று இருக்கிறது, உனக்குக் காட்டமாட்டேன்' என்பதே ஒரு தகவல் கசிவு. அதனால்தான் இருப்பதையே மறைக்க விரும்பும் சர்வர் 403க்குப் பதில் 404 தரலாம் என்று எச்டிடிபி விதிமுறையும் இடம் கொடுக்கிறது. கிட்ஹப், தனியார் களஞ்சியங்களை உரிமையில்லாதவருக்கு 404 என்றே காட்டுகிறது. எஸ்3இன் 403க்கும் இதே நியாயம்தான்: பட்டியலைப் பார்க்க உரிமையில்லாதவருக்கு ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியக்கூடாது. இவற்றை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இங்கெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து, யாரிடமிருந்து எதை மறைப்பது என்று முடிவு செய்து, அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். பிரிண்ட் போடும் ஆப்பின் வெள்ளைப் பக்கத்துக்குப் பின்னால் அப்படி எந்த முடிவும் இல்லை. போன் அவருடையது, கோப்பு அவருடையது, அனுமதி தரவேண்டியவரும் அவரே. அவரிடமிருந்து எதைக் காப்பாற்ற இந்த மறைப்பு? எஸ்எஸ்எச் இதைச் சரியாகக் கையாள்கிறது. வெளியே நிற்பவருக்கு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று மட்டும் சொல்லிவிட்டு, எந்த ஃபோல்டரின் உரிமையோ அனுமதியோ சரியில்லை என்பதை சர்வரின் பதிவில் தெளிவாக எழுதுகிறது. ரகசியமும் காக்கப்படுகிறது, பொறுப்பானவருக்கு உண்மையும் கிடைக்கிறது. மறைக்கும் உரிமை உண்டு என்பதால் தொலைக்கும் உரிமையும் வந்துவிடாது.

சாதாரண மக்களுக்கு இதெல்லாம் புரியாது, அவர்களைக் குழப்பாதே என்பது இரண்டாவது மறுப்பு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆப்புக்கு அனுமதி கொடு, மறு என்று இன்று கோடிக்கணக்கானவர்களின் கையில்தான் பொத்தான் இருக்கிறது. கேட்கும்போது புரியும் என்று நம்பப்படுகிறவருக்கு, அதன் விளைவைச் சொன்னால் மட்டும் புரியாமல் போய்விடுமா? ஆதார் சரிபார்ப்பில், கைரேகை பொருந்தாததற்குப் பிழை எண் 300, உரியவரே தன் கைரேகையைப் பூட்டி வைத்திருந்தால் 330 என்று தனித்தனியே வகுத்திருக்கிறார்கள். வேலை செய்து ரேகை தேய்ந்த ஒரு முதியவருக்கும், பாதுகாப்புக்காகப் பூட்டு போட்டுவிட்டு மறந்த ஒருவருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. ஒருவருக்கு மாற்று வழி வேண்டும், இன்னொருவர் பூட்டைத் திறந்தால் போதும். அந்த வேறுபாடு எண்ணில் இருக்கிறது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் காதுவரை அது வருமா என்பது, அந்த எண்ணை வாங்கிச் சொல்லும் ஆப்பை எழுதியவர் கையில் இருக்கிறது. 'ஃபெயில்' என்று ஒரே சொல்லில் முடித்தால், முதியவர் தன் விரலைச் சேலைத் தலைப்பிலோ வேட்டியிலோ துடைத்துத் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது மறுப்புதான் நேர்மையானது: நிரலுக்கே காரணம் தெரியாதபோது அது என்ன சொல்லும்? இதற்குப் பதில் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. 2011இல் வெளியான ஜாவா 7, கோப்பு இருக்கிறதா என்று கேட்க ஒன்று, இல்லையா என்று கேட்க இன்னொன்று என இரண்டு செயல்கூறுகளைக் கொடுத்தது. ஒன்றின் எதிர்ப்பதம் மற்றொன்று என்று எண்ணிவிடாதே, கண்டறிய முடியாதபோது இரண்டுமே 'பொய்' என்று சொல்லும் என்று அதன் ஆவணம் எச்சரிக்கிறது. இரண்டையும் கேட்டுப் பார்த்த நிரலுக்கு, 'தெரியவில்லை' என்ற நிலைமை பிடிபடும். ரஸ்ட் மொழியும் 2022இல் 1.63ஆம் பதிப்பில், ஆம், இல்லை, பார்க்க முயன்றபோது இந்தப் பிழை வந்தது என்று மூன்று விதமாகப் பதில் தரும் செயல்கூறை நிலைப்படுத்தியது. பழைய இரட்டைப் பதில் செயல்கூறுகள் இரு மொழிகளிலும் அப்படியே இருக்கின்றன, பழக்கத்தால் அவற்றையே அழைக்கும் நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. மூன்றாவது பதில் நிரலாளரின் கைவரை வந்துவிட்டது. அங்கிருந்து திரைவரை கொண்டுவர ஒரு நிபந்தனை வரியும் ஒரு வாக்கியமும் போதும்: 'இந்த ஃபோல்டரைப் பார்க்க எனக்கு அனுமதி தரப்படவில்லை. உள்ளே கோப்பு இருக்கிறதா என்று தெரியாது. அனுமதி தர இங்கே தொடவும்.'